அலும்னா: ஒரு சொல்லும் எமது இடாப்பின் சில பக்கங்களும்

நூற்றாண்டு மலருக்கான முதலாவது கூட்டத்தை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், பொருளாளர் அக்காவின் வீட்டில் கூட்டினோம். நிகழ்ச்சி நிரலில் ஏழு விடயங்கள் இருந்தன. முதலாவதிலேயே பொழுதுபட்டுவிட்டது. மலரின் அட்டையில் சங்கத்தின் பெயரை ஆங்கிலத்தில் எப்படிப் போடுவது என்பதுதான் அந்த முதலாவது விடயம்.

இளையவர்களுக்கு ‘ஓல்ட் கேர்ள்ஸ்’ என்ற பெயர் பிடிக்கவில்லை. பாடசாலையை விட்டு மூன்று வருடமாகாத பிள்ளையொன்று, “ஓல்ட் என்று சட்டையில் எழுதிக்கொண்டு நடைபவனி போகச் சொல்கிறீர்களா?” என்று கேட்டது. ‘அலம்னீ’ என்று மாற்றினால் நாகரிகமாக இருக்கும், வெளிநாட்டுக் கிளைகளுக்கும் விளங்கும் என்பது அவர்களின் வாதம். மூத்தவர்கள் விடவில்லை. நூறு வருடமாக இந்தப் பெயர்தான், வங்கிக் கணக்கும் இந்தப் பெயரில்தான், எங்கள் அம்மாமாரும் ஓல்ட் கேர்ள்ஸ்தான் என்றார்கள். கடைசியில், அந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடி எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு பார்ப்போம் என்று மலர்க்குழுவாகிய எங்களிடம் வேலையைத் தந்துவிட்டுத் தேநீர் குடிக்க எழுந்தார்கள்.

இரண்டாவது விடயத்தை எழுந்து நின்றபடியே முடித்தோம். கனடாவில் ஸ்காபரோவிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் 1996ஆம் ஆண்டு எமது பாடசாலையில் ஏழு மாதம் படித்தவர். நூற்றாண்டுப் பெயர்ப்பட்டியலில் தன் பெயரையும் சேர்க்க முடியுமா, மலருக்கு ஒரு கட்டுரை அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். எமது யாப்பின்படி, குறைந்தது மூன்று வருடம் இங்கு படித்தவர் அல்லது இங்கிருந்து அரசாங்கப் பரீட்சைக்குத் தோற்றியவரே அங்கத்தவராகலாம். ஆகவே வருந்துகிறோம் என்று மரியாதையாக ஒரு பதிலெழுதச் செயலாளருக்குச் சொன்னோம். இந்த இரண்டு விடயங்களுக்கும் ஏதும் தொடர்பு இருக்கும் என்று அன்றைக்கு எவரும் நினைக்கவில்லை.

சொல்லுக்கு வருவோம். இலத்தீன் மொழியில் ‘அலெரே’ என்றொரு வினை உண்டு. ஊட்டுதல், ஊட்டி வளர்த்தல் என்பது அதன் பொருள். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல்தான் அலும்னுஸ், பெண்பால் அலும்னா. அச்சொல்லின் ஈற்றிலுள்ள ‘ம்னா’ மிகப் பழைய செயப்பாட்டு விகுதி. கிரேக்கத்தில் இதே விகுதி ‘மெனோஸ்’ என்று வரும். ஆக அலும்னா என்றால் ‘ஊட்டி வளர்க்கப்படுகிறவள்’. பட்டம் பெற்றவள் என்றோ படித்து முடித்தவள் என்றோ அதற்குள் பொருள் இல்லை. சோதனை இல்லை, சான்றிதழ் இல்லை, எத்தனை வருடம் என்ற கணக்கும் இல்லை. சோறுதான் இருக்கிறது.

அலெரே பெரிய குடும்பம். உணவைக் குறிக்கும் ‘அலிமென்ட்’ அதன் பிள்ளை. விவாகரத்து வழக்குகளில் வரும் ‘அலிமனி’, அதாவது எங்கள் நீதிமன்றங்கள் தாபரிப்பு என்று சொல்வது, அதன் இன்னொரு பிள்ளை. அடிப்படையில் அதுவும் சாப்பாட்டுக் காசுதான். உயிரியல் வகுப்பில் கட்டிளமைப் பருவம் என்று படித்தோமே, அதன் ஆங்கிலச் சொல்லான ‘அடொலசன்ட்’ வளர்ந்துகொண்டிருப்பவர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதே வினையின் முடிந்த வடிவம் ‘அடல்ட்’, வளர்ந்து முடிந்தவர். பிள்ளைகளைத் தவிர அரசுக்குக் கொடுக்க வேறு சொத்தில்லாத ஏழைக் குடிமக்களை உரோமர் அழைத்த பெயரிலிருந்து வந்த ‘புரொலிட்டேரியன்’ என்ற சொல்லும் இந்த வேரில் முளைத்ததே. தொழிற்சங்க மேடையும் எமது சங்கமும் சொல்வழியில் சொந்தம்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அலும்னா என்பதன் பன்மையை ஆங்கிலேயர் ‘அலம்னீ’ என்பார்கள்; ஆண்பாற் பன்மையை ‘அலம்னை’ என்பார்கள். பழைய உரோமர் வாயில் இது நேர்மாறு. அவர்களுக்கு ஆண்கள்தான் ‘அலும்னீ’, பெண்கள் ‘அலும்னாய்’. இதைக் குழுவில் வாசித்துக் காட்டியபோது ஒரு மூத்த அக்கா, “இந்த வயதில் எங்களை நாய் என்று சொல்ல வைக்கப் போகிறீர்களா?” என்று கேட்டு, பெயர் மாற்றத்துக்கான வாக்குகளில் நாலைந்தை அந்த இடத்திலேயே குறைத்துவிட்டார்.

உரோமில் அலும்னா என்று யாரை அழைத்தார்கள் என்பதுதான் எங்களை நிறுத்திய இடம். அங்கே அந்தச் சொல்லைப் பெரும்பாலும் கல்லறைக் கற்களில்தான் காண்கிறோம். பெற்ற பிள்ளையல்லாத பிள்ளை, வேறொருவர் வீட்டில் வளர்ந்த பிள்ளை, அநாதை, பிறந்தவுடன் குப்பைமேட்டிலோ தெருவோரத்திலோ விடப்பட்டு யாரோ தூக்கி வளர்த்த பிள்ளை. இப்படிப்பட்டவர்களே அலும்னுஸ், அலும்னா. வளர்த்தவர்கள் சாகும்போது பிள்ளை வைத்த கல்லும் உண்டு. பிள்ளை சிறுவயதில் செத்து, வளர்த்தவர்கள் வைத்த கல்லும் உண்டு. இத்தகைய கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பாசத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. தூக்கி வளர்த்த பிள்ளையை அடிமையாக வளர்த்தவர்களும் இருந்தார்கள்.

இந்த அடிமை விடயம் ஒருமுறை பேரரசர்வரை போனது. கி.பி. 110ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்றைய துருக்கியின் வடபகுதியான பித்தினியாவில் பிளினி ஆளுநராக இருந்தார். சுதந்திரமாகப் பிறந்து, கைவிடப்பட்டு, பிறரால் எடுத்து வளர்க்கப்பட்டவர்களின் நிலை என்ன, அவர்களை வளர்க்கச் செலவான உணவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டுமா என்று பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதினார். திராயானின் பதிலும் கிடைத்திருக்கிறது. சுதந்திரமாகப் பிறந்தவர் என்று நிறுவப்பட்டால் அவரின் சுதந்திரத்தை மறுக்கக் கூடாது. ஊட்டிய உணவின் விலையைக் கொடுத்துத்தான் அதை மீட்க வேண்டும் என்றும் சொல்லக் கூடாது. இதுதான் அவரின் தீர்ப்பு. சாப்பாடு போட்டேன், ஆகவே நீ என்னுடையவள் என்ற வழக்கை, ஆயிரத்துத் தொளாயிரம் வருடத்துக்கு முன் ஒருவர் தள்ளுபடி செய்திருக்கிறார்.

திராயானின் நல்ல பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் பெண்கள் பாடசாலை மலரில் எழுதுகிற எங்களுக்கு அழகில்லை. அவர் காலத்தில் இத்தாலியின் பல ஊர்களில் பிள்ளைகளுக்கு அரச உதவித்தொகை வழங்கப்பட்டது. அதன் பெயர் ‘அலிமென்டா’. மறுபடி எங்கள் அலெரேதான். வெலேயா என்ற சிற்றூரின் கணக்கு ஒரு பெரிய வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டு, 1747இல் நிலத்துக்கடியிலிருந்து கிடைத்தது. இன்றைக்குப் பார்மா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் முறையான பிறப்புடைய ஆண்பிள்ளைக்கு மாதம் 16 செஸ்டர்ஸ், பெண்பிள்ளைக்கு 12. முறைதவறிப் பிறந்த ஆண்பிள்ளைக்கு 12, பெண்பிள்ளைக்கு 10. முக்கிய பட்டியலிலுள்ள 281 பிள்ளைகளில் 246 பேர் ஆண்கள், 35 பேர் பெண்கள். பெண்பிள்ளைக்குக் குறைவாகப் பசிக்கும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். இந்த எண்ணம் உரோமோடு அழியவில்லை என்பதை வீட்டில் அண்ணன் தம்பியோடு சாப்பிட உட்கார்ந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

வளர்க்கப்படுகிறவள் அலும்னா என்றால் வளர்க்கிறவள் ‘அல்மா மாதெர்’, ஊட்டுகின்ற தாய். உரோமர் இதைத் தெய்வங்களுக்குச் சொன்னார்கள். பிறகு கத்தோலிக்க திருச்சபை மரியன்னைக்குச் சொன்னது. அல்மா என்று தொடங்கும் பதினோராம் நூற்றாண்டுக் கீதமொன்று திருவருகைக் காலத்தில் இராச்செபத்தின் முடிவில் பாடப்படும். கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்தின் நிழலில் பிறந்து வளர்ந்த எமது குழு அங்கத்தவர் ஒருவர், தன் அம்மாவுக்கு அந்தப் பாட்டு பொருள் தெரியாமலே பாடமாக இருந்தது என்றார். 1960களின் நடுவில் திருப்பலி தாய்மொழிக்கு மாறியபோது அம்மாவுக்குச் சந்தோசமும் கவலையும் ஒன்றாக வந்ததாம்.

அந்தப் பெயரைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன. இத்தாலியின் பொலோஞ்ஞா இன்றும் தன் பெயரோடு அதைச் சேர்த்தே எழுதுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தார் 1600ஆம் ஆண்டளவில் தம் நூல்களில் பதித்த முத்திரையில், மார்பிலிருந்து பால் சுரக்கும் தாயாகப் பல்கலைக்கழகமே நிற்கிறது. கேம்பிரிட்ஜ் எங்களுக்கு அந்நியமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அதன் யூனியர், சீனியர் பரீட்சைகள் இலங்கையில் நடந்தன. எங்கள் பாட்டிமாரில் சிலர் சீனியர் கேம்பிரிட்ஜ் என்று கடைசிவரை பெருமையோடு சொன்னார்கள். ஆனால் அந்தப் பால் சுரக்கும் தாய் தன் சொந்த ஊரில் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுத்தது 1948இல்தான். நாங்கள் சுதந்திரம் பெற்ற அதே வருடம். இலண்டன் பல்கலைக்கழகம் 1878இலேயே பெண்களைப் பட்டங்களுக்கு அனுமதித்துவிட்டது. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது இலண்டனின் பட்டத்துக்காகவே பிள்ளைகளைத் தயார்செய்தார்கள் என்பது இந்த வகையில் எங்கள் பெண்களுக்கு அதிர்ஷ்டம்.

ஆண்கள் தங்களை அலும்னுஸ் என்று ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியது பதினேழாம் நூற்றாண்டில். அலும்னா வருவதற்கு, பெண்களுக்கென்று கல்லூரி வர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வாசர் கல்லூரிப் பெண்கள் 1871இல் அலும்னாக்களின் சங்கத்தை அமைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1881 நவம்பரில், வெவ்வேறு கல்லூரிகளில் படித்த 17 பெண்கள் பொஸ்டன் நகரில் கூடினார்கள். படித்துவிட்டோம், இப்போது இந்தப் படிப்பை வைத்து என்ன செய்வது என்பதுதான் அவர்களின் பிரச்சினை. வேலை கொடுப்பாரில்லை, உயர்கல்வி பெண்ணின் உடம்புக்குக் கேடு என்று வைத்தியர்களே எழுதிக்கொண்டிருந்த காலம். அவர்கள் தொடங்கிய அமைப்பின் பெயரிலும் அலும்னா என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லை அழகுக்காக அவர்கள் சூடிக்கொள்ளவில்லை.

அமெரிக்கா என்றதும் எங்கள் மனம் உடுவிலுக்குப் போகிறது. 1824இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் அங்கே பெண்களுக்கென்று விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். எழுத்தறிந்த பெண்ணை யார் கட்டுவான் என்று கேட்ட காலம். பிள்ளைகளைக் கேட்டால் தர ஆளில்லை. மிசன் உணவு கொடுத்தது, உடை கொடுத்தது, இருக்க இடம் கொடுத்தது. படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணப்பவருக்குச் சீதனமும் கொடுத்தது. எங்கள் மண்ணில் சொல்லின் நேர்ப்பொருளில் அலும்னா என்று யாரையாவது சொல்வதென்றால் அந்த முதற் பிள்ளைகளைத்தான் சொல்ல வேண்டும். கற்பிக்கப்படுவதற்கு முன் ஊட்டப்பட்டவர்கள்.

1840இல் அங்கு வந்த எலைசா அக்னியூ அம்மையார் 1879வரை ஏறத்தாழ நாற்பது வருடம் அப்பாடசாலையை நடத்தினார். திருமணம் செய்யாதவர். தாய், மகள், சில குடும்பங்களில் பேத்தி என்று தலைமுறைகளாகப் படிப்பித்தவர். ஆயிரம் புதல்வியரின் தாய் என்று அவரைச் சொன்னார்கள். 1883இல் யாழ்ப்பாண மண்ணிலேயே காலமானார். கேம்பிரிட்ஜின் முத்திரைப் படத்தைவிட அல்மா மாதெர் என்பதற்கு இவர் பொருத்தமான உருவம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் ஒரு கொடையாளியோ ஒரு தேவாலயமோ ஏற்றால், அந்தக் கொடையாளி விரும்பிய பெயர் அந்தப் பிள்ளைக்கு வைக்கப்பட்டது. சிற்றம்பலத்தின் மகளும் வேலாயுதத்தின் மகனும் கடல் கடந்த யாரோ ஒருவரின் பெயரைச் சுமந்தார்கள். அக்காலத்து மிசன் பாடசாலைகளில் இது சாதாரணம்; கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. எனினும் உணவின் விலைக்குப் பெயர் போனது என்பதை மறைக்க முடியாது. திராயானின் தீர்ப்பை இங்கே நினைத்துக்கொண்டோம். உடுவிலைக் குறைசொல்ல எமக்குத் தகுதியும் இல்லை. அங்கு படித்த பெண்கள் ஊரூராகச் சென்று ஆசிரியைகளானார்கள், அவர்களிடம் படித்தவர்கள் வேறு ஊர்களுக்குப் போனார்கள். இந்த மலரை வாசிக்கும் பலரின் குடும்பத்தில் முதன்முதல் எழுத்தறிந்த பெண்ணைத் தேடிப் போனால் எங்கோ ஒரு விடுதிப் பாடசாலையின் படிக்கட்டில்தான் போய் நிற்போம்.

கட்டுரையை இந்த இடத்தில் முடித்துக் கையளித்திருக்கலாம். நூற்றாண்டுக் கண்காட்சிக்காகப் பழைய சேர்வு இடாப்புகளைத் தூசுதட்டப் போனதால் முடிக்க முடியவில்லை.

எமது பாடசாலையின் இடாப்புகளில் பெயர்கள் மையில் எழுதப்பட்டிருக்கும். சேர்வு எண், பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், முன்பு படித்த பாடசாலை, விலகிய திகதி என்று ஒரே ஒழுங்கு. 1983இன் கடைசிப் பக்கங்களிலும் 1996, 1997ஆம் ஆண்டுகளின் பக்கங்களிலும் அந்த ஒழுங்கு குலைகிறது. அங்கே பெயர்கள் பென்சிலில் இருக்கின்றன. எண் இல்லை. முன்பு படித்த பாடசாலை என்ற இடத்தில் சிலவற்றில் பாடசாலையின் பெயர், சிலவற்றில் ஊரின் பெயர் மட்டும். ஓரத்தில் ‘தற்காலிகம்’ என்று எழுதியிருக்கிறது. விடுகைப்பத்திரம் கொண்டுவந்தவர்களின் பெயர் பின்னர் மையால் மேலெழுதப்பட்டு எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. கொண்டுவர முடியாதவர்கள் பென்சிலிலேயே இருந்துவிட்டார்கள்.

ஏன் கொண்டுவர முடியவில்லை என்பதை எங்கள் வயதினருக்கு விளக்க வேண்டியதில்லை. இளைய சகோதரிகளுக்காக எழுதுகிறோம். 1983 யூலையில் கொழும்பில் வீடுகள் எரிந்தபோது பாடசாலைகளும் கோயில்களும் அகதி முகாம்களாயின. பலர் கப்பலேறி வடக்கே போனார்கள். போகாமல் நின்றவர்களின் பிள்ளைகள், தங்கள் பழைய பாடசாலைக்குத் திரும்ப முடியாமல், எது திறந்திருந்ததோ அங்கே போய் இருந்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே ஓரிரவில் எழும்பி நடந்தது. அந்தச் சனத்தில் ஒரு பகுதி வன்னிக்குப் போய், வவுனியாவில் காத்துக்கிடந்து, பாஸ் எடுத்து, வெள்ளவத்தை லொட்ஜுகளில் வந்து இறங்கியது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர். பொலிஸ் பதிவு. வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருப்பு. நடந்து வந்தவர்களிடம் விடுகைப்பத்திரம் எங்கே இருக்கும்? கொடுக்க வேண்டிய அதிபரே எங்கோ மரத்துக்குக் கீழே இருந்தார்.

அப்போதிருந்த எமது அதிபர் அவர்களை வகுப்பில் இருத்தினார். எண் போட விதி இடம் கொடுக்கவில்லை. திருப்பி அனுப்ப மனம் இடம் கொடுக்கவில்லை. பென்சிலை எடுத்தார்.

ஸ்காபரோக் கடிதத்தை எழுதியவரின் பெயர் 1996இன் பக்கத்தில் இருந்தது. அழிந்து மங்கிப்போயிருந்தது. கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தோம். முதல்முறை அதை அவசரத்தில் வாசித்திருக்கிறோம். சீருடைத் துணி வாங்கித் தந்த ரீச்சரைப் பற்றி எழுதியிருந்தார். இடைவேளையில் தன் பணிஸைப் பாதியாகப் பிய்த்துத் தந்த பிள்ளையின் பெயரை மறந்துவிட்டதாக எழுதியிருந்தார். “நான் உங்களிடம் சோதனை எழுதவில்லை. ஆனால் அந்த ஏழு மாதமும் ஒரு இடத்தில் இருந்து படித்திராவிட்டால் பிறகு எங்கேயும் சோதனை எழுதியிருக்க மாட்டேன்” என்றும் எழுதியிருந்தார். தன் பேச்சைக் கேட்டு வகுப்பில் சிலர் சிரித்ததைப் பற்றி அவர் எழுதவில்லை. அந்த வகுப்பில் இருந்த எங்களில் இருவருக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மூன்று வருட விதி எப்படி வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதலாம் தர அனுமதியில் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கென்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 25 சதவீத இடம் ஒதுக்குகிறது. சங்க அங்கத்துவத்துக்கும் அதில் புள்ளி உண்டு. ஆகவே அங்கத்துவம் வெறும் பகட்டல்ல, பெறுமதியான பொருள். கதவைத் திறந்து விட்டால் யார் யாரோ வருவார்கள் என்ற பயம் நியாயமற்றதும் அல்ல. அந்தப் பயத்தில் போட்ட பூட்டு, பென்சில் பெயர்களுக்கும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

இந்த இடத்தில் எங்களுக்குத் தமிழ் கைகொடுத்தது. யாப்பின் முதற் பக்கத்தில், ‘பதவி வழியில் அதிபரே சங்கத்தின் போஷகர்’ என்று இருக்கிறது. ஒவ்வொரு அழைப்பிதழிலும் அச்சிடுகிற சொல். போஷித்தல் என்றால் ஊட்டி வளர்த்தல். போசாக்கு, மந்தபோசணை என்று கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் சொற்களெல்லாம் அதிலிருந்து வந்தவை. ஊட்டுகிறவரை நூறு வருடமாகச் சரியான பெயரில் அழைத்துவிட்டு, ஊட்டப்பட்டவர் யார் என்பதை மட்டும் வருடக் கணக்கால் அளந்திருக்கிறோம். அகத்திணையில் தலைவியை வளர்த்தவள் செவிலி. தோழி என்பவள் அந்தச் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் களவியலில் இலக்கணம் வகுக்கிறது. பெற்ற தாய் ஒருத்தியாக இல்லாதபோதும் ஒரே கையால் சோறுண்டவர்கள்தான் தோழிகள். பள்ளித்தோழி என்று சொல்கிறபோது இதை நினைத்துச் சொல்கிறோமா என்பது வேறு விடயம்.

கொழும்பில் இன்னொரு இலத்தீன் வாசகம் பிரசித்தம். றோயல் கல்லூரியின் மகுடவாசகம் ‘கற்றுக்கொள், அல்லது விலகிப்போ’ என்று சொல்கிறது. அண்ணன்மாரின் பாடசாலைக்கு அது பொருந்தலாம். விலகிப்போகச் சொல்லி ஏற்கெனவே இரண்டு மூன்று இடத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த பிள்ளைகளுக்கு எமது அதிபர் அதைச் சொல்லவில்லை.

இனி அந்த அட்டைப் பிரச்சினை. ‘ஓல்ட்’ என்ற ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்ததல்ல, செர்மானியக் குடும்பத்தது. ஆனால் அதன் வேரையும் அலெரேயின் வேரையும் பின்னோக்கித் தேடிப் போனால் இரண்டும் ஒரே இடத்துக்குப் போகின்றன: வளர்தல், வளர்த்தல் என்று பொருள்பட்ட மிகப் பழைய ‘அல்’ என்ற வேர். ஓல்ட் என்பதன் ஆதிப் பொருள் முதுமை அல்ல, ‘வளர்ந்த’ என்பதுதான். மூத்தவரைக் குறிக்கும் ‘எல்டர்’ அதன் உடன்பிறப்பு. உலகத்தைக் குறிக்கும் ‘வேர்ல்ட்’ என்ற சொல்லின் பின்பாதியும் அதுவே. மனிதரின் காலம் என்பது அச்சொல்லின் முதற்பொருள். ஆக ஓல்ட் கேர்ள் என்றால் வளர்க்கப்பட்ட பெண். அலும்னா என்றாலும் வளர்க்கப்பட்ட பெண். இரண்டு அணியும் ஒரே சொல்லுக்காக இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்திருக்கிறார்கள் என்று அடுத்த கூட்டத்தில் அறிவித்தோம். சட்டையில் எழுதமாட்டேன் என்ற பிள்ளை சற்று யோசித்துவிட்டு, அப்படியென்றால் பரவாயில்லை, ஆனால் எழுத்தைச் சிறிதாகப் போடுங்கள் என்றது. அட்டையில் பழைய பெயரே இருக்கிறது.

பெயரை மாற்றவில்லை, விதியை மாற்றினோம். அதற்கென்று கூட்டிய விசேட பொதுக்கூட்டத்தில் வாதம் சூடாகத்தான் நடந்தது. முதலாம் தர அனுமதியைச் சொல்லி எதிர்த்தவர்களில் பொருளாளர் அக்காவும் ஒருவர். இறுதியில், சேர்வு இடாப்பில் மையாலோ பென்சிலாலோ பெயருள்ள எவரும் அங்கத்தவராகலாம் என்ற திருத்தத்தை எழுதித் தந்ததும் அவரே. இடாப்பு ஆதாரமாக இருக்கும்போது யார் யாரோ வர முடியாது, கணக்குச் சரி என்றார். விண்ணப்பப் படிவத்தில் சேர்வு எண் என்ற கட்டத்துக்குக் கீழே ‘இல்லாதவர்கள் ஆண்டை எழுதவும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

இம்மலரின் இறுதியிலுள்ள பெயர்ப்பட்டியலில் 1983, 1996, 1997ஆம் ஆண்டுகளுக்குக் கீழ், எண்ணில்லாத பெயர்களைக் காண்பீர்கள். மங்கிப்போய் வாசிக்க முடியாதவற்றுக்கு வெற்றுக்கோடு போட்டிருக்கிறோம். அந்த வருடங்களில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையின் பெயர் ஞாபகம் இருந்தால் செயலாளருக்கு எழுதுங்கள். பணிஸைப் பிய்த்துக் கொடுத்தவரும் எழுதலாம். ஸ்காபரோ சகோதரியின் கட்டுரை அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது.